வருடம் முழுக்க வெயில் அடிக்கிற அழகான ஊரில் இருந்துகொண்டு ஏன் மனசு இப்படிக் கிடக்கிறது?

கொழிஞ்சாம்பாறை_மகள்:

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன். சரி, நேராகவே கேட்டுவிடுகிறேன். நல்ல வெயில், கடல், மலை, கைநிறையச் சம்பளம் எல்லாம் இருக்கிற ஊரில் வாழ்கிறவர்களுக்கு ஏன் மனசு இப்படிக் கனத்துப் போகிறது? எனக்கு மட்டும்தானா, இல்லை வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா, வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம் என்று வளர்ந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லாஸ் ஏஞ்சலஸ் வந்தோம், ஆறு வருடம் ஆகிறது. வாடகை வீடு சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், வான் நைஸ் பக்கம். எனக்கு வேலை மலைக்கு அந்தப் புறம், கடலை ஒட்டி. தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஏறக்குறைய எங்கள் ஊரிலிருந்து பாலக்காடு டவுன் போகிற தூரம். ஆனால் 405 நெடுஞ்சாலையில் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் சில நாள் ஒன்றரை மணி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழகான வானம். இந்தப் பக்கம் நான் ஒருத்தி.

அம்மா வீடியோ காலில் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள், "அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே பனை நிக்குதே" என்று. நிற்கிறது உண்மைதான். ஆனால் தெருவோரம் ஒல்லியாக உயர்ந்து நிற்கிறவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோவிலிருந்து வந்த ஜாதி, அழகுக்கென்று நட்டவை. அடியில் நின்றால் நிழல் கிடையாது, நுங்கு கிடையாது, கீழே உட்கார்ந்து பேச ஒரு ஆள் கிடையாது. அம்மாவிடம் இதைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன்.

யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். அழுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, அதுதான் என்னை இன்னும் வதைக்கிறது. மழை பெய்தாலாவது மழையால்தான் இப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் பளீரென்று வெயில், இதையும் அனுபவிக்கத் தெரியவில்லையே என்று என் மேலேயே கோபம் வருகிறது.

வேலந்தாவளத்தான்:

சகோதரி, கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் தம்பி பி.டெக் முடித்து மூன்று வருடம் வேலை இல்லாமல் இருந்தான், இப்போது கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான், கை விரலில் தையல் போடாத இடம் இல்லை. அவனிடம் போய் வெயில் நன்றாக இருக்கிறது, சம்பளம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அவன் என்ன நினைப்பான்? வயிறு நிறைந்தவர்களுக்குத்தான் இந்த யோசனை எல்லாம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

செங்கோட்டை_பாசஞ்சர்:

வேலந்தாவளத்து நண்பருக்கு: பசியும் தனிமையும் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடுவதில்லை. உங்கள் தம்பியின் கஷ்டம் கஷ்டம்தான். அதற்காக இவர் கஷ்டம் பொய்யாகிவிடுமா?

நான் சொல்ல வந்தது அந்த மழை விஷயத்தை. அம்மா, நீங்கள் எழுதியதில் எல்லாவற்றையும்விட அதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் வருடத்துக்கே சுமார் 36 சென்டிமீட்டர் மழைதான், அதுவும் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள். கேரளத்தின் சராசரி அதைப்போல எட்டு மடங்கு. எங்கள் பக்கம் ஜூன் மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கி வரும், சாரல் பிடிக்கும், மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். துணி காயாது. சுவர் வேர்க்கும். எல்லாரும் புலம்புவார்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்து புலம்புவார்கள், கவனித்தீர்களா? செங்கோட்டை ஸ்டேஷனில் கொல்லம் வண்டிக்காக நிற்கிற முன்பின் தெரியாத ஆள் கூட "இன்னைக்கு விடாது போலிருக்கே" என்று பேச்சைத் தொடங்கிவிடுவார், அப்புறம் அவர் மகள் கல்யாணம் வரை பேச்சு போகும்.

வெயில் ஊரில் அப்படிப் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு இல்லை. நேற்றும் நன்றாக இருந்தது, இன்றும் நன்றாக இருக்கிறது. என்ன பேச?

நிளாக்கரை:

நான் பாலக்காட்டில் உளவியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா கேட்ட கேள்வியையே அப்படியே எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998-இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இருவர் செய்தது. கானமன் பின்னால் 2002-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். கலிபோர்னியாவில் படிக்கிற மாணவர்கள், மிச்சிகன், ஒகாயோ போன்ற குளிர்ப் பகுதியில் படிக்கிற மாணவர்கள், இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். சிலரிடம் "உன் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தி" என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் "உன்னைப் போலவே ஒருவர் இந்த இரண்டு பகுதிகளில் ஒன்றில் இருந்தால் எவ்வளவு திருப்தியாக இருப்பார்" என்று கேட்டார்கள்.

யூகித்தவர்கள், எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், கலிபோர்னியாக்காரர்தான் சந்தோஷமாக இருப்பார் என்றார்கள். உண்மையில் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னவர்களிடம் இரண்டு பக்கமும் திருப்தி ஒரே அளவுதான். கலிபோர்னியா மாணவர்களுக்குத் தங்கள் ஊர்த் தட்பவெப்பம் ரொம்பப் பிடித்திருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிடித்தம் மொத்த வாழ்க்கையின் திருப்தியில் ஏறவில்லை.

காரணம் எளிது. தள்ளி நின்று ஒரு ஊரை நினைக்கும்போது அதில் பளிச்சென்று வித்தியாசமாக இருக்கிறதைத்தான் நினைக்கிறோம்: வெயில், கடல். அங்கேயே இருக்கிறவர் நாள் முழுக்க வெயிலை நினைத்துக்கொண்டா இருக்கிறார்? வேலை, வாடகை, யாரோடு சாப்பிடுகிறோம், யார் பேசவில்லை, இதுதானே நாள். வெயில் பழகிப் போய்விடுகிறது. அம்மா போனில் பார்க்கிறது ஊரை, அக்கா வாழ்கிறது ஒவ்வொரு நாளையும்.

பழகாததும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2004-இல் கானமன் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளைத் துண்டு துண்டாக நினைவுபடுத்தி, ஒவ்வொரு துண்டிலும் மனசு எப்படி இருந்தது என்று குறிக்கச் சொன்னது. காலையில் வேலைக்குப் போகிற பயணம்தான் கடைசி வரிசையில் இருந்தது. மனிதர்களோடு கூடி இருந்த நேரங்கள் மேல் வரிசையில் இருந்தன. அக்கா நாளில் மேல் வரிசை குறைந்து, கடைசி வரிசை இரண்டரை மணி நேரமாக நீண்டிருக்கிறது. இதில் உங்கள் குற்றம் எங்கே இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறை_மகள்:

நிளாக்கரை, நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். வெயில் பழகிவிட்டது என்று எனக்கே தோன்றியிருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன் என்று பயம்.

வேலந்தாவளத்து அண்ணனுக்கு: உங்கள் தம்பியைப் போல என் அண்ணனும் பட்டறையில் இருந்தவர்தான், அதனால் கோபம் எல்லாம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அண்ணன் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்தால், குளித்துவிட்டு முக்கில் டீக்கடைக்குப் போய் நிற்பார். பத்து நிமிடம்தான். வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். எனக்கு அந்தப் பத்து நிமிடம் இல்லை. என் தெருவில் நடந்து போய்ச் சேருகிற மாதிரி ஒரு கடை கிடையாது. பால் வாங்கக் கார் எடுக்க வேண்டும். ஒரு சினேகிதி இருக்கிறாள், நல்லவள், அவள் இருக்கிறது எழுபது கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பேருக்கும் ஒத்து வருகிற நாளைப் பிடிக்க மூன்று வாரம் மெசேஜ் அனுப்பிக்கொள்கிறோம், அப்புறம் ஒருத்திக்கு ஏதாவது வந்துவிடுகிறது.

களியக்காவிளை_62:

மக்ளே, எனக்கு அறுபத்திரண்டு வயசு. இருபத்தாறு வருசம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவன், வேலை துபாயில், தங்கினது ஷார்ஜாவில். அமெரிக்கா நான் பார்த்ததில்லை. ஆனால் நீ சொல்லுகிற வெயில் எனக்குத் தெரியும். அங்கே கோடைக்காலத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெளியில் வேலை செய்யக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, அப்படிப்பட்ட வெயில். மற்ற மாதங்களில் சொர்க்கம் மாதிரி இருக்கும், கடற்கரை, விளக்கு, கண்ணாடிக் கட்டடம். ஊரிலிருந்து வருகிறவர்கள் போட்டோ எடுத்துத் தீராது.

நான் சொல்ல வருகிறது வேறு. முதல் பதினோரு வருசம் ஒரு அறையில் எட்டுப் பேர். அடுக்குக் கட்டில். ஒரு கக்கூஸ். கடன் கழுத்தைப் பிடித்திருந்தது. அது நல்ல வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன், ஒருத்தருக்கும் அது வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் பாறசாலைக்காரன் ஒருத்தன் மரச்சீனிக்கிழங்கு அவிப்பான், இன்னொருத்தன் மீன் குழம்பு வைப்பான், எட்டுப் பேரும் தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிடுவோம். அப்புறம் சம்பளம் கூடியது, வீட்டாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தனி பிளாட்டுக்குப் போனேன். நான் கனவு கண்டது அதைத்தான். ஆனால் வீட்டாள், அந்தப் பன்னிரண்டாவது மாடியில், நான் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, ஜன்னலில் நின்று கீழே போகிற கார்களை எண்ணுவாள். எண்ணுவாள் என்றால் உண்மையாகவே எண்ணுவாள். இன்றைக்கு வெள்ளை வண்டி இத்தனை என்று சாயங்காலம் என்னிடம் சொல்லுவாள். நான் சிரித்துவிட்டு டிவி போட்டுவிடுவேன். அது என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, மக்ளே. இன்றைக்கு நீ எழுதினதைப் படித்தபோது விளங்கியது. அவளிடம் இப்போது போய்ச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

உன் வீட்டுக்காரரிடம் நீ இங்கே எழுதினதைக் காட்டு. அவருக்கும் விளங்காமல் இருக்கலாம்.

குமுளிக்காரன்:

பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. வண்டிப்பெரியாறு, குமுளிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன், அப்பா அம்மா எஸ்டேட்டில் இருந்தவர்கள், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ரகசியம் என்று ஒன்றும் வைத்துக்கொள்ள முடியாது. சின்ன வயதில் அதை வெறுத்தேன், எப்போது வெளியே போவோம் என்று இருந்தது. இப்போது சொந்தமாகக் கொஞ்சம் இடம் வாங்கித் தனி வீடு கட்டியிருக்கிறேன், அம்மா வந்து இருக்க மாட்டேன் என்கிறாள். "அங்கே எனக்கு யார் சத்தம் கேக்கும்?" என்கிறாள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது ரோடு எல்லாம் அறுந்து, கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தோம். பயங்கரமான நாட்கள், மறுபடி வரவே கூடாது. ஆனால் அந்த நாட்களில் ஒருவரும் தனியாகச் சாப்பிடவில்லை, இதை எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். செங்கோட்டை அண்ணன் சொன்ன மழை விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

ஆந்திரா_சித்தூர்:

நான் ஆந்திராவில் இருக்கிற சித்தூர், சகோதரியின் பாலக்காடு சித்தூர் இல்லை. எங்கள் வீட்டிலும் தமிழ்தான், வெளியே தெலுங்கு. பதினான்கு வருடமாக லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்திலேயே இருக்கிறேன், லாங் பீச்சில். ஒன்றை உறுதியாக மறுக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த ஊரை மொத்தமாகத் தனிமை ஊர் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு இந்த ஊர் பிடிக்கும், மனதாரப் பிடிக்கும்.

இது ஒரு ஊரே இல்லை, ஐம்பது அறுபது ஊர்களை ஒட்டி வைத்தது. எந்தத் துண்டில் இருக்கிறோம் என்பதுதான் எல்லாம். நான் இருக்கிற தெருவிலிருந்து கடைக்கு நடந்து போகலாம், ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம். இந்த ரயிலுக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே சிவப்பு டிராம் வண்டிகள் ஆயிரம் மைலுக்கு மேல் தண்டவாளத்தில் ஓடின, உலகத்திலேயே பெரிய மின்சார ரயில் வலைகளில் ஒன்று. ஊர் விரிந்ததே அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான். அப்புறம் கார் வந்தது, நெடுஞ்சாலை வந்தது, ஒவ்வொரு வழியாக நிறுத்தி, கடைசியாக லாங் பீச் வழியை 1961-இல் நிறுத்தினார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் அந்த வழியில் ரயில் இல்லை. 1990-இல் மறுபடி ரயில் விட்டார்கள், முதல் வழி எது தெரியுமா, அதே லாங் பீச் வழி, பெரும்பாலும் அதே தடத்தில். நான் தினமும் அதில் போகிறேன். எதிர் ஸீட்டில் வருகிற ஒரு வயதானவர் மூன்று வருடமாகத் தலையசைப்பார், பெயர் கூடத் தெரியாது. நாலு நாள் வரவில்லை என்றால் மனசு தேடுகிறது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு கலபசாஸ் மலைக்குள் இருக்கிற பெருமாள் கோவிலுக்குப் போவோம், 1981-இல் கட்டியது. எங்கள் ஊர்க்காரருக்குத் திருப்பதி பக்கம் அல்லவா, வெங்கடாசலபதியைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆர்ட்டீசியாவில் இந்தியக் கடைகள் இருக்கிற பயனியர் தெருவுக்குப் போனால் இரண்டு மணி நேரம் காலார நடக்கலாம். வீட்டை மாற்றுங்கள் சகோதரி. ஊரை மாற்ற வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_மகள்:

அண்ணா, நீங்கள் சொல்கிறது புரிகிறது. ஆனால் என் வேலை இருக்கிற பக்கத்தில் நடந்து போகிற மாதிரி வீடு என்றால் வாடகை எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். இந்த ஊரில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் தனி வீடு மட்டும்தான் கட்டலாம் என்று வெகு காலம் விதி வைத்திருந்தார்கள். வீடு கம்மி, வருகிற ஆள் அதிகம், அப்புறம் வாடகை ஏறாமல் என்ன செய்யும். அதனால் எல்லாரும் மலைக்கு இந்தப் பக்கம் வந்து குடியிருந்து, எல்லாரும் அதே கணவாய் வழியாக அந்தப் பக்கம் போகிறோம். அந்த செபுல்வெடா கணவாயில் 405-ஐ அகலப்படுத்த நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2014-இல் முடித்தார்கள். இன்னும் நகராமல்தான் நிற்கிறோம். பாதை அகலமானால் அதை நிரப்ப இன்னும் வண்டி வந்துவிடுகிறது. எங்கள் பாலக்காட்டுக் கணவாயில் காற்றாவது வரும்.

குமுளி அண்ணன் சொன்ன வெள்ளம் எனக்கு வேறு ஒன்றை ஞாபகப்படுத்தியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி இங்கே தீப்பிடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பாலிசேட்ஸ் பக்கம் ஒன்று, ஆல்டடீனா பக்கம் ஒன்று. பல மாதமாக மழையே இல்லை, மலையில் புதர் எல்லாம் சருகாகக் காய்ந்து கிடந்தது, பாலைவனப் பக்கமிருந்து சாந்தா ஆனா என்கிற வறண்ட காற்று வெறிபிடித்த மாதிரி வீசியது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து மலைக்கு மேலே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. போட்டோவில் எல்லாரும் ஆசைப்படுகிற அந்த வறண்ட நீலவானம்தான் இதற்கும் பாதி காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த ராத்திரி, ஐந்து வருடம் பார்த்தும் பேசாத எதிர்வீட்டு அம்மா, அர்மீனியாக்காரர், கதவைத் தட்டினார். "கிளம்பச் சொன்னால் உங்கள் காரில் இடம் இருக்கிறதா, என் கணவருக்கு நடக்க முடியாது" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். விடிய விடிய கதவைத் திறந்து வைத்து மூன்று வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தோம். எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை. புகை அடங்கியது, இரண்டு வாரம் பேசினோம், அப்புறம் கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன. முதலில் சாத்தியது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நானாகவும் இருக்கலாம்.

ஓய்வு_வாத்தியார்:

கொழிஞ்சாம்பாறைக்கு இரண்டு கல் தொலைவில் இருக்கிறேன், இந்தப் பெண் படித்த பள்ளியில் ஒருவேளை நானே பாடம் எடுத்திருக்கலாம். நகரத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். நம் ஊரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பிள்ளை, ஊருக்குத் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடும்.

என் தெருவில் பதினேழு வீடு. முன்பு எல்லா வீட்டுக்கும் திண்ணை. இப்போது ஒரே ஒரு வீட்டில் இருக்கிறது, அதுவும் ஓடு சரிந்த வீடு. மற்றதெல்லாம் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் இடித்துக் கட்டியவை. ஆள் உயரத்துக்கு மதில், இரும்பு கேட், உள்ளே நாய், காமிரா. ஒவ்வொன்றிலும் என் வயதுக்காரர் ஒருவரோ இருவரோ. முகம் தெரிந்தவர்கள், அறுபது வருடப் பழக்கம், ஆனால் பார்க்க வேண்டும் என்றால் கேட்டில் மணி அடிக்க வேண்டும், மணி அடித்தால் "என்ன விஷயம்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். விஷயம் இருந்தால்தான் போக முடியும் என்று ஆகிவிட்டது. சும்மா போவது போய்விட்டது. என் மனைவி இறந்த வருடம், வாரக்கணக்கில் நான் வாய் திறந்து பேசியது பால்காரரிடம் மட்டும்தான்.

அந்த மதிலை நானும்தான் கட்டினேன். மகன் பணம் அனுப்பினான், கட்டினேன்.

போன மாதம் கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்ச் போட்டேன், நாலு பேர் உட்காரலாம். முதல் வாரம் நான் மட்டும் உட்கார்ந்தேன், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது சாயங்காலம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் அரசியல் பேசுவார், எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் வரட்டும்.

வார்டு_பணி:

நர்ஸாக வேலை பார்க்கிறேன், தென்காசியைச் சேர்ந்தவள். எல்லாரும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறீர்கள், நான் ஒரு விஷயத்தை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். அக்கா, இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ மாறிப்போய், நம்மால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்கிற எண்ணம் வந்தால் அது ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்து வருகிற சோர்வு பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கோடையில் வருகிற வகையும் உண்டு, அதனால் வெயில் இருக்கிறதே, இது நோயாக இருக்காது என்று தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் 988 என்ற மனநல உதவி எண்ணை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். இங்கே ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் பேசலாம், காசு இல்லை. வாத்தியார் ஐயா, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வேலந்தாவளத்தான்:

நான் முதலில் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். வயிறு நிறைந்தவர்கள் என்று எழுதியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள் சகோதரி. தம்பியிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவன் சொன்னது: "பட்டறை முடிஞ்சு ரூமுக்குப் போக பிடிக்காம பஸ் ஸ்டாண்டுல சும்மா உக்காந்திருப்பேன், நாலு பேரப் பாக்கலாம்னு." இது எனக்கு இன்றுவரை தெரியாது. கோயம்புத்தூர் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் கூட இல்லை. வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வாத்தியார் ஐயா, உங்கள் பெஞ்ச் எந்த முக்கில் என்று சொல்லுங்கள். நான் அந்த வழியாகத்தான் தினமும் பைக்கில் போகிறேன்.

கொழிஞ்சாம்பாறை_மகள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லாரும் மன்னிக்க வேண்டும். வார்டு_பணி சொன்னபடி டாக்டரைப் பார்த்தேன். பேச்சு சிகிச்சைக்கு வாரம் ஒரு நாள் போகிறேன், வீட்டுக்காரர் கூட வருகிறார். களியக்காவிளைப் பெரியவர் சொன்னபடி இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன், முழுக்கப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பால்கனியில் நின்றார். அவருக்கும் இப்படித்தான் இருந்ததாம், என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாராம். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயைப் பூட்டி வைத்திருந்திருக்கிறோம்.

வேலையில் பேசி வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்யக் கேட்டு வாங்கினேன். ஐந்து மணி நேரம் மிச்சம். எதிர்வீட்டு அம்மா கதவை இந்தத் தடவை நான் தட்டினேன், கையில் உப்புமா. விஷயம் ஒன்றும் இல்லை, சும்மா வந்தேன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே கூப்பிட்டுக் கெட்டியாகக் கருப்புக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவர் கணவருக்கு என் பேச்சு பாதி புரியவில்லை, ஆனாலும் ஜன்னல் ஓரத்து நாற்காலியை எனக்குக் காலி செய்து கொடுத்தார். இப்போது செவ்வாய், வியாழன் நாலு மணிக்கு நான் போகாவிட்டால் அவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

எல்லா நாளும் நன்றாக இல்லை. நேற்று 405-இல் அழுதேன். 

ஆந்திரா சித்தூர் அண்ணா, இந்த ஞாயிறு கலபசாஸ் கோவிலுக்கு வருவீர்களா? நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். எதிர்வீட்டு அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறார்.

ஆந்திரா_சித்தூர்:

வருகிறோம். பத்து மணிக்குச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்போம், என் மனைவி பச்சைச் சேலை. புளியோதரை கட்டி எடுத்து வருகிறோம், நீங்கள் ஒன்றும் செய்துகொண்டு வர வேண்டாம். அந்த அம்மா காரம் சாப்பிடுவாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.